வானம் ஒரே சீராக வர வேண்டும்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. உட்கார்ந்த மறுநிமிடம் வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். சின்ன வயதில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால், வலது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே இடது கையால் என் முட்டியை அமுக்கிப் பிடித்திருப்பாள். இப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. ரெட்டியார்பாளையத்தில் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ கடை வைத்திருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை வருகிறவர்களிடமெல்லாம் "ஆடாம உக்காருங்க, ஆடாம உக்காருங்க" என்று சொல்லிச் சொல்லியே பிழைப்பு ஓடுகிறது. சொல்லும்போது என் கால் ஸ்டூலுக்கு அடியில் ஆடிக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்டவனுக்குப் பெரிய ஃபிலிம் கேமரா மேல் ஆசை வந்தது யார் செய்த பாவமோ. ஊருக்குள் ஒரு சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பம், வீட்டைக் காலி செய்தபோது ஒரு மரக் கேமராவும் ஒரு டிரங்குப் பெட்டியும் என் கைக்கு வந்தன. அந்தக் கேமராவுக்குச் சுருள் ஃபிலிம் கிடையாது. நாலுக்கு ஐந்து அங்குலத்தில் தனித்தனித் தாளாக வரும். ஒரு தாளுக்கு ஒரு படம், அவ்வளவுதான். பெட்டிக்குள் அந்தத் தாள்களைக் கழுவுகிற டிரம்மும் இருந்தது. ஒன்றரைச் சாண் நீளத்தில் கறுப்பு பிளாஸ்டிக் குழாய், ஒரு பக்கம் அடைப்பு, மறுபக்கம் வெளிச்சம் புகாமல் மருந்து மட்டும் புகுகிற மூடி.

தாள்களை இருட்டில் அந்தக் குழாயின் உட்சுவரை ஒட்டி வளைத்துச் செருக வேண்டும். மூடிவிட்டால் பிறகு பகலிலேயே வேலை செய்யலாம். படத்தை வரவைக்கிற டெவலப்பர் மருந்தைக் கொஞ்சமாக ஊற்றி, டிரம்மைப் படுக்க வைத்து உருட்ட வேண்டும். மருந்து அடியில் தேங்கி நிற்கும். டிரம் உருள உருளத் தாளின் ஒவ்வொரு இடமும் அதில் முங்கி எழும். எல்லா இடத்துக்கும் ஒரே அளவு மருந்து பட வேண்டும். பட்டால் படம், படாவிட்டால் திட்டுத் திட்டாக வரும். மரமும் மனிதரும் கடைப் பலகையுமாகக் கசகசவென்று இருக்கிற படத்தில் அந்தத் திட்டு கண்ணில் படாது. வெறும் வானம் உள்ள படத்தில் தப்பிக்கவே முடியாது.

அக்கா என்னிடம் கேட்டது வெறும் வானம்.

அக்கா பிள்ளைச்சாவடியில் வாழ்க்கைப்பட்டவள். மாமாவுக்குக் கடல் தொழில். அவள் கல்யாணமாகிப் போனபோது வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மூன்று வரிசை வீடுகளும், அவற்றின் ஊடே கடல் தெரிகிற ஒரு சந்தும், அதற்கப்பால் படகை இழுத்துப் போட மணலும் இருந்தன. முதலில் மணல் போயிற்று. மாமா படகைக் கொண்டுபோய்த் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கட்டினார். பிறகு முன்வரிசை வீடுகள் ஒன்றொன்றாகப் போயின. லாரி லாரியாகக் கல்லைக் கொட்டினார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் நின்ற கடல் கல்லுக்கு இந்தப் பக்கம் வந்தது. போன மழைக்காலத்தில் அக்கா வீட்டின் சமையல்கட்டுச் சுவரில் விரிசல் விழுந்தது. மாமா ஒருநாள் அந்த விரிசலுக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். கடல் இடிப்பதற்கு முன்னால் நாமே இடித்துவிடலாம், கதவும் மரமுமாவது மிஞ்சும் என்று சொல்லிவிட்டார்.

இடிக்கிற நாள் குறித்த பிறகு அக்கா கடைக்கு வந்தாள். கடைச் சுவரில் நான் அந்தக் கேமராவில் எடுத்த ஒரு மில் கேட்டின் படம் பெரிதாக மாட்டியிருக்கும். அதன் ஆணிகளை எண்ணலாம். அதைக் கையால் காட்டினாள்.

"என் வூட்ட இத மாதிரி எடுத்துக் குடுடா. ஆணி எண்ணுறாப்ல."

"எடுத்துட்டா போச்சு."

"ஆனா கடல் தெரியக் கூடாது."

"ஏங்க்கா, வூடு இருக்கறதே கடல் மேல. தெரியாம எப்டி எடுக்கறது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. செல்லுல எடுத்த படம் நூறு கெடக்குது. எல்லாத்துலயும் வூட்டுக்குப் பின்னாடி அது வந்து நிக்குது. வூட்டையும் தின்னுட்டுப் படத்துலயும் அதுவே நிக்கணுமா? வூடு, அதுக்கு மேல வானம். அவ்ளோதான் எனக்கு வேணும். கடல் இருக்கற படத்த எங்கிட்ட கொண்டாராத."

சொல்லிவிட்டு வேகமாகத் திரும்பிக் கல்லாப் பெட்டி மேல் இருந்த தண்ணீரைக் குடித்தாள். அவள் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

என்னிடம் நான்கு தாள்தான் மிச்சம் இருந்தது. ஆர்டர் கொடுத்திருந்த புது ஃபிலிம் பெட்டி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அது வரும்வரை வீடு காத்திருக்காது. காலை ஏழு மணிக்குப் போய்த் தெருவில் முக்காலியை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி வைத்தேன். தாழ நின்று பார்த்தால் கடலை வீடே மறைத்துவிடும், இரண்டு பக்கமும் கீற்று வேலி இருந்தது, மேலே வானம் மட்டும். அந்தக் கேமராவில் பிம்பம் தலைகீழாகத்தான் தெரியும். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, தலைகீழாக நின்ற வீட்டின் கூரைக்கோட்டை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாமா அதற்குள்ளேயே சாமான் கழட்ட ஆரம்பித்துவிட்டார். உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திறந்த வாசலில் அவர் எதையாவது தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் "மாமா, உள்ள போங்க" என்று கத்தினேன். மேகமே இல்லாத வானம். நான்கு தாளையும் எடுத்து முடித்தேன். மறுநாள் காலையில் கூரை ஓடுகளைப் பிரித்தார்கள், அதற்கு மறுநாள் சுவர் இல்லை.

நான்கையும் ஒரேயடியாகக் கழுவாமல் முதலில் இரண்டை மட்டும் கழுவினேன். நான் வாழ்க்கையில் காட்டிய ஒரே நிதானம் அதுதான்.

என் வீட்டுக் குளியலறையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பழைய வீட்டில் அம்மா குளியலறையில் தண்ணீர் தேங்கி வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, அதற்குப் பிறகு அவள் சரியாக நடக்கவேயில்லை. அதனால் இந்த வீடு கட்டும்போது குளியலறைத் தரைக்குத் தண்ணீர் ஓடச் சரிவாக வாட்டம் கொடுத்த அன்று நான் மேஸ்திரியின் தலைமேலேயே நின்றேன். சாக்கடை ஓட்டையைப் பார்த்து நன்றாகச் சரிய வேண்டும், ஒரு சொட்டு நிற்கக் கூடாது என்றேன். "இதுக்கு மேல சரிவு குடுத்தா மனுசன் நிக்க முடியாது சார்" என்றார் அவர். நான் விடவில்லை. கத்தினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே இன்னும் ஒரு சட்டி கலவையைப் போட்டு ஏற்றினார். இன்றுவரை என் குளியலறையில் தண்ணீர் தேங்கியதில்லை. விருந்தாளி வந்தால்கூட அதைக் காட்டிப் பீற்றிக்கொள்வேன்.

அந்தத் தரையில்தான் டிரம்மை வைத்தேன். வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கையை விட்டு இரண்டு தாள்களையும் எதிரெதிராகச் செருகி, மூடி, டெவலப்பரை ஊற்றிப் படுக்க வைத்தேன். வைத்த உடனே அது தானாக உருண்டு சாக்கடை ஓட்டையில் போய் முட்டிக்கொண்டது. எடுத்து வந்தேன், மறுபடியும் ஓடியது. சரி என்று டிரம்மைத் திருப்பி, அதன் மூடிப் பக்கம் மேட்டைப் பார்க்கவும் அடிப்பக்கம் பள்ளத்தைப் பார்க்கவும் வைத்தேன். இப்போது ஓடாமல் சமர்த்தாக நின்றது. மூடி லேசாகக் கசியும் என்பதால் அது மேட்டில் இருப்பதும் வசதியாகப் போயிற்று. என்னையே நான் மெச்சிக்கொண்டேன். உட்கார்ந்து முன்னும் பின்னும் உருட்டினேன். கடையில் யாரோ காத்திருப்பார்கள், கரண்ட் போய்விடுமோ, மருந்தைக் குளிர வைத்திருந்த ஐஸ் கரைந்து அது சூடாகிறதோ என்று மனம் எங்கெங்கோ ஓடியது. கையும் கூடவே ஓடியது. ஒருமுறை வேகம், ஒருமுறை மந்தம்.

காய்ந்த நெகட்டிவைக் கடையில் ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் கறுப்பு வெள்ளையைத் திருப்பிப் போட்டேன். திரையில் வந்ததைப் பார்த்துவிட்டு எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

வீடு தண்ணீருக்குள் நின்றது. தாளின் கீழ்ப்பாகத்துக்கு மருந்து போதவில்லை. அதனால் வீடு முழுக்கக் கலங்கலாக இருண்டிருந்தது. அந்த இருட்டு கூரையோடு நிற்காமல், கூரைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் நெளிநெளியாக ஒரு கோடு வரை ஏறியிருந்தது. அந்தக் கோட்டுக்கு மேலேதான் வெள்ளை வானம். யாரிடம் காட்டினாலும் கடல் பொங்கி வீட்டை முக்கிவிட்டது என்றுதான் சொல்வார்கள். இரண்டு தாளிலும் அப்படியே. கடலே வேண்டாம் என்று கேட்டவளுக்கு, கூரைக்கு மேல் கடலை ஏற்றிக் கொடுத்திருந்தேன்.

கம்ப்யூட்டரில் சரிசெய்யலாமே என்று நீங்கள் கேட்கலாம். நான் தினமும் ஊரார் முகத்தில் பருவைத் துடைப்பவன், முயலாமல் இருப்பேனா? வானத்தை வெளுக்க முடிந்தது. வீட்டை மீட்க முடியவில்லை. மருந்து படாத இடத்தில் ஆணி இல்லை, ஓடு இல்லை, மசிதான் இருந்தது. இல்லாததை நான் வரைந்து கொடுத்தால் அது அவள் வீடு ஆகாது.

மிச்சம் இரண்டு தாள். அவை வீட்டுப் பீரோவில் ஒரு கறுப்பு உறைக்குள் இருந்தன. அவற்றைத் தொடவே பயமாக இருந்தது. இதுவும் போனால் வீடு போனது போனதுதான்.

அதற்குள் அக்காவும் மாமாவும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வாடகைக்கு வீடு கிடைக்கும்வரை என்னோடு இருப்பதாக ஏற்பாடு. நான் ஒற்றை ஆள், இடமும் இருந்தது. இடித்த வீட்டின் கதவுகள், ஜன்னல் சட்டங்கள், இரண்டு உத்திரம் எல்லாம் என் கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றன. தினமும் நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா கேட்பாள்.

"படம் வந்துச்சா?"

"டெவலப்பர் வரலக்கா. பார்சல்ல வரணும்."

"எங்கேர்ந்து வருது, சந்திரன்லேர்ந்தா?"

டெவலப்பர் பாட்டில் கூடத்து அலமாரியில் அவள் கண்ணுக்கு நேராக நின்றுகொண்டிருந்தது. அவள் கேட்கும்போது என் கால் ஆடியது, கேட்காதபோதும் ஆடியது. அவள் போட்ட சோறு இறங்கவில்லை. எனக்கு என் மேலேயே எரிச்சல். குறை என் கையில்தான் என்று முடிவு கட்டியிருந்தேன். சீராக ஆட்டுவதற்குச் சீரான ஆள் வேண்டும், நான் ஆடுகிற ஆள்தானே தவிர ஆட்டுகிற ஆள் இல்லை. தினமும் விடியற்காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டிரம்மில் வெறும் தண்ணீரை ஊற்றி, செல்போனில் டிக் டிக் என்று தாளம் போட வைத்து, அந்தத் தாளத்துக்கு உருட்டிப் பழகினேன். நாலைந்து நாளில் கை படிந்துவிட்டது. ஆனாலும் நெஞ்சு ஒப்பவில்லை. சோதித்துப் பார்க்க வேறு தாள் இல்லை. கை சரியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி, அந்த இரண்டு தாளையும் பணயம் வைப்பது.

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா துணி துவைக்கக் குளியலறையில் பக்கெட்டை வைத்துக் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"என்னா தரைடா போட்டு வெச்சிருக்க? பக்கெட்டு ரொம்பவே மாட்டேங்குது. இந்தாண்ட வழியுது, அந்தாண்ட ரெண்டு விரக்கட கொறையுது!"

சும்மா எட்டிப் பார்த்தேன். பக்கெட் மேட்டுப் பக்கத்தில் இரண்டு விரற்கடை வெறுமையாக நின்றது. பள்ளத்துப் பக்கம் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குழாய்த் தண்ணீர் விழ விழ, உள்ளே நீர்மட்டத்தின் கோடு நெளிந்து நெளிந்து ஆடியது. அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். அதைத்தான் இரண்டு வாரமாகக் கூரைக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிரம் ஓடாமல் நின்றதே, அந்தச் சமர்த்துத்தான் சனியன். மூடிப் பக்கம் மேட்டில் இருந்ததால் மருந்தெல்லாம் அடிப்பக்கம் போய்த் தேங்கிவிட்டது. இரண்டு தாளிலும் வீடு இருந்த பாதி மேட்டுப் பக்கம் விழுந்து, மருந்து எட்டியும் எட்டாமலும் உருண்டிருக்கிறது. நான் கையை எவ்வளவு சீராக ஆட்டினாலும் அதே படம்தான் வந்திருக்கும். மேஸ்திரியிடம் சண்டை போட்டு நானே ஏற்றி வைத்த வாட்டம்.

"அக்கா, வெளிய வா" என்று கத்தினேன்.

"துணி ஊறப் போட்டிருக்கேன்டா."

"துணி கெடக்குது, வா!"

பயந்துபோய் ஈரக் கையோடு வந்தாள். நான் அதற்குள் சமையலறையிலிருந்து எவர்சில்வர் தட்டை எடுத்து அதில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வீடு முழுக்க அலைந்தேன். கூடத்தில் வைத்தால் தண்ணீர் வாசலைப் பார்த்து ஒதுங்கியது. சமையலறையில் மூலையைப் பார்த்து. மொட்டைமாடியைச் சொல்லவே வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிற வீடுகள் எங்கள் வீடுகள். எல்லாத் தரையும் எங்கேயாவது சரிந்துதான் ஆக வேண்டும் என்பது நாற்பத்து மூன்று வயதில் தட்டோடு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் இருந்த ஒரே மேசைக்கு ஒரு கால் கட்டை. கட்டில் நடுவில் பள்ளம்.

துறைமுகத்திலிருந்து வந்த மாமா, ஐஸ் போட்ட மீன் பையைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர்.

"என்னா தம்பி தேடுற?"

"மட்டமான எடம் ஒண்ணு வேணும் மாமா. ஒரு ஆள் நீளத்துக்கு. அப்பதான் படம் கழுவ முடியும்."

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். "மருந்து வந்துடுச்சா?"

இதற்கு மேல் பொய் வாயில் வரவில்லை. மருந்து எப்போதும் இருந்தது என்று சொன்னேன். இரண்டு தாளைக் கெடுத்துவிட்டேன், இன்னும் இரண்டுதான் இருக்கிறது என்று சொன்னேன். அவள் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பதினஞ்சு நாளா சந்திரன்லேர்ந்து பார்சல் வருதுன்னு இருந்தேன் பாரு. காட்டு."

"வேணாங்க்கா."

"காட்டுடா."

செல்போனில் வைத்திருந்த அந்தக் கெட்டுப்போன படத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். துணி அடித்துத் துவைக்கிற சத்தம் கேட்டது. ஒரே துணியை ரொம்ப நேரம் அடித்தாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

மாமா மீன் பையை வைத்துவிட்டு, கூடத்தில் சாய்ந்திருந்த கதவுகளில் அகலமான ஒன்றைத் தூக்கி வந்தார். நான்கு செங்கல் மேல் அதைப் படுக்க வைத்தார். தட்டை அதன் மேல் வைத்துப் பார்த்து, தூக்கலாக இருந்த மூலையில் செங்கல்லைத் திருப்பிப் போட்டார். பிறகு நுட்பமாகச் சரிசெய்ய ஏதாவது மெல்லிசாக வேண்டும் என்றார். என் பையில் பாஸ்போர்ட் போட்டோ வெட்டி மிஞ்சிய தாள்துண்டுகள் கிடந்தன. ஒன்றொன்றாகச் செங்கல்லுக்கும் கதவுக்கும் நடுவில் செருகினார். கடைசியில் தட்டுத் தண்ணீர் எந்தப் பக்கமும் ஒதுங்காமல் நின்றது. டிரம்மை அதன் மேல் வைத்தேன். ஓடவில்லை. திருப்பி வைத்தேன், அப்போதும் ஓடவில்லை.

மீனுக்கு வந்த ஐஸைக் கழுவி ஒரு பேசினில் போட்டு, மருந்துப் பாட்டிலை அதில் நிறுத்திக் குளிர வைத்தேன். கூடம் முழுக்க மீன் வாடையும் மருந்து வாடையும். இந்தத் தடவை மருந்தில் கஞ்சத்தனம் வேண்டாம் என்று போன தடவையைப் போல இரண்டு மடங்கு எடுத்துவைத்தேன். கறுப்புப் பைக்குள் கையை விட்டேன். தாள் இரண்டும் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. மூடினேன்.

அக்கா குளியலறையிலிருந்து வந்து, கதவின் மறுமுனையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"நான் என்னா பண்ணணும்?"

"நான் இங்கேர்ந்து உருட்டி வுடுறேன். உங்கிட்ட வந்ததும் புடிச்சு, அதே வேகத்துல எங்கிட்ட அனுப்பு. அடிக்காத, தள்ளு. அர நிமிஷத்துக்கு ஒருக்கா டிரம்ம தலமாத்தி வெக்கணும், எது இந்தப் பக்கம் இருந்துச்சோ அது அந்தப் பக்கம்."

ஆரம்பித்தோம். முதல் தடவையே அவள் சப்பாத்திக் கட்டையைப் போல அமுக்கி உருட்டினாள். "மெல்லங்க்கா, மாவு இல்ல" என்றேன். "வாய மூடிக்கிட்டு ஒன் கையப் பாரு" என்றாள். மாமா என் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு அரை நிமிடத்துக்கு ஒருமுறை "திருப்பு" என்று குரல் கொடுத்தார். வலை இழுக்கும்போது கொடுக்கிற குரலாக இருக்க வேண்டும், அவ்வளவு சத்தம். மருந்து உள்ளே சலசலத்தது. அவளிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து அவளுக்கு. தனியாக உருட்டும்போது என் மனம் ஓடிய இடத்துக்கெல்லாம் கையும் போனது. இப்போது போக முடியவில்லை. நான் தாமதித்தால் அவள் கை நீட்டியபடி காத்திருந்தாள், நான் அவசரப்பட்டால் முறைத்தாள்.

ஐந்தாவது நிமிடத்தில் என் கால் ஆட ஆரம்பித்துவிட்டது. கதவு லேசாக அதிர்ந்தது. மாமா கண்ணால் காட்டினார். எனக்கே தெரிகிறது, நிறுத்த முடியவில்லை. அக்கா டிரம்மின் மேலிருந்து பார்வையை எடுக்காமலேயே, கதவின் ஓரமாகத் தன் காலை நீட்டி என் பாதத்தின் மேல் வைத்து அழுத்தினாள். ஈரக் கால். மருந்துக்குக் கணக்கான பதினோரு நிமிடமும் முடியும்வரை அதை எடுக்கவில்லை.

படத்தை நிலைக்க வைக்கிற ஃபிக்ஸர் ஊற்றி, கழுவி, மூடியைத் திறந்து முதல் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நெகட்டிவில் வெள்ளை வானம் கறுப்பாகத்தான் இருக்கும். அக்கா அதைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"ஐயோ, இதுவும் கறுப்பா வந்துடுச்சேடா!"

"கறுப்பாதாங்க்கா இருக்கணும். இங்க கறுப்பு, படத்துல வெள்ள. ஒரே கறுப்பா இருக்குதா பாரு, எங்கயாச்சும் வெளுத்திருக்கா?"

இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தாள். "இல்ல" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

காய்ந்ததும் கடைக்கு ஓடிப்போய் இருப்பதிலேயே பெரிய தாளில் பிரிண்ட் போட்டு எடுத்து வந்தேன். செங்கல் மேல் இருந்த கதவிலேயே அக்கா அதை விரித்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முதலில் வானத்தின் மேல் விரலை ஓட்டினாள். திட்டு இல்லை, வரி இல்லை. கீழே வந்தாள். ஓடுகளை எண்ணினாள். ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த கொடிக் கயிற்றைக் கண்டுபிடித்துச் சிரித்தாள். முன்கதவின் ஆணிகளை ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினாள். விரல் திறந்த வாசலுக்கு வந்து நின்றது.

"இது என்னாடா?"

குனிந்து பார்த்தேன். வாசலுக்குள் இருட்டுக் கூடம். கூடத்தைத் தாண்டிச் சமையல்கட்டு. அதையும் தாண்டி ஒரு சின்னச் சதுரம், கட்டைவிரல் நகம் அளவுக்கு. அதன் மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி சாம்பல். நடுவில் ஒரு நேர்க்கோடு.

கடல். கறுப்புத் துணிக்குள் நின்று கூரைக்கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவே இல்லை. கெட்டுப்போன தாள்களில் அந்த இடம் மசியாக இருந்ததால் அங்கேயும் தெரியவில்லை.

"பின்கதவ அன்னிக்குக் காலையிலயே கழட்டிட்டேனே" என்றார் மாமா மெதுவாக. சொல்லிவிட்டு, படத்துக்கு அடியில் கிடந்த அந்தக் கதவைத் தடவினார்.

"அக்கா, ரெண்டே நிமிஷம். கம்ப்யூட்டர்ல அந்த எடத்த மட்டும் கறுப்பாக்கிடுறேன். கதவு சாத்துன மாதிரி ஆயிடும், ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே படத்தை எடுக்கக் கையை நீட்டினேன். என் கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"கைய எடு."

படத்தின் மேல் முகத்தை வைத்துக்கொள்வது போலக் குனிந்தாள். பேசியபோது படத்தைப் பார்த்தே பேசினாள்.

"அடுப்பாண்ட நின்னா இவ்ளோதான் தெரியும். ஒங்க மாமா படகு வருதான்னு இதுலதான் பாப்பேன். இருவத்திரெண்டு வருசம் இத பாத்துக்கிட்டேதான் சோறு ஆக்குனேன்." நகத்தால் அந்தச் சதுரத்தைத் தொடாமல் சுற்றிக் காட்டினாள். "இது இருக்கட்டும்டா. இது ஒண்ணும் பண்ணல."